மண்டபத்து வாசலில் நின்ற கேமரா வண்டி

1

போன சனிக்கிழமை பழைய டெலிவிஷன் வண்டியில் ஒரு மானிட்டர் உயிர் பிடித்தது. முதலில் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது கோடாக நீண்டது, பிறகு திரை முழுக்கச் சாம்பலாகப் பரவியது. கூட இருந்த கனடாக் கிழவர்கள் கைதட்டினார்கள். கோர்டன் தொப்பியைக் கழற்றி மேலே வீசினார். நான் மட்டும் வண்டியை விட்டு இறங்கிப் போய் வெளியே பனியில் நின்றுகொண்டேன். வண்டிக்குள் எழுந்தது சூடேறிய பழைய தூசியின் வாசனை. ஓசூரில் முகர்ந்ததற்குப் பிறகு எங்கும் முகரவில்லை.

என் மகள் கவிதா கதவருகே வந்து, உடம்புக்கு என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஒன்றுமில்லை என்று நான் தமிழில் சொன்னேன். எங்கள் பேச்சு இப்போதெல்லாம் இப்படித்தான், ஆளுக்கு ஒரு கரையில் நின்று.

இந்த மாதத்தோடு நாங்கள் கனடா வந்து ஐந்து வருடம். ஹாமில்டன் இரும்பாலைகளின் ஊர். ஏரிக்காற்றும் புகையும் சேர்ந்து அடிக்கும். நான் லிஃப்டுக்கான கண்ட்ரோல் போர்டுகளைச் சோதித்துப் பார்க்கும் கம்பெனியில் இருக்கிறேன். வீட்டுக்காரர் சண்முகம் லாரி உதிரிபாகக் கம்பெனியில். சனிக்கிழமையும் அவருக்கு ஷிஃப்ட் உண்டு. அதனால் பன்னிரண்டு வயதுக் கவிதாவை நான் போகுமிடமெல்லாம் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

வண்டி கிடைத்ததும் அவளால்தான். அவள் வகுப்பை உள்ளூர் டெலிவிஷன் நிலையத்தைக் காட்டக் கூட்டிப்போனார்கள், துணைக்குப் போன பெற்றோரில் நானும் ஒருத்தி. கட்டடத்தின் பின்னால் தார்ப்பாய் போர்த்திய ஒரு பழைய வண்டி நின்றது. மைதானத்திலிருந்து நேரடியாகப் படம் அனுப்ப அந்தக் காலத்தில் ஓட்டிய வண்டி. ஓய்வுபெற்ற கோர்டனும் கூட்டாளிகளும் அதைத் திரும்ப ஓட வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பிள்ளைகளை விட்டுவிட்டு உள்ளே தலையை நீட்டி, "இதில் சிங்க் ஜெனரேட்டர் எங்கே?" என்று கேட்டுவிட்டேன். எல்லாக் கேமராக்களையும் ஒரே தாளத்துக்கு ஓட வைக்கும் பெட்டி அது. கோர்டன் என்னை மேலும் கீழும் பார்த்தார். கவிதா வெட்கத்தில் முகத்தைக் கோட்டுக்குள் புதைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து என் சனிக்கிழமைகள் அந்த வண்டிக்குத்தான்.

2

நான் ஒரு இடத்தில் உட்காராதவள். ஊரில் இருந்தபோது வெளியே போகத் துடித்தேன். வெளியே வந்த பிறகும் ராத்தூக்கம் இல்லை. கனடாவுக்கு விண்ணப்பம் போட்டவள் நான்தான், என் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமாவுக்குத்தான் குடியேற்ற மதிப்பெண் கிடைத்தது. சண்முகத்துக்கு ஓசூரை விட்டு வர மனசே இல்லை. இப்போது பாருங்கள், அவர் ஐஸ் ஹாக்கி பார்த்து கோல் போடும்போது எழுந்து நின்று கத்துகிறார். நான் சமையலறையில் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கிறேன்.

வந்த புதிதில் ஒரு வேலைக்கான நேர்காணல். கிருஷ்ணகிரி பாலிடெக்னிக்கில் படித்து முடித்தேன் என்பதை நம் ஊர் வழக்கப்படி 'பாஸ்ட் அவுட்' என்று சொன்னேன். அந்த அம்மாள் பதறி, "இப்போது பரவாயில்லையா? அடிக்கடி மயக்கம் வருமா?" என்று கேட்டார். வேலை கிடைக்கவில்லை.

பெயர் இன்னொரு கூத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எனக்குக் குடும்பப் பெயராக ஏறிவிட்டது. ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணைக்கட்டுப் பக்கத்து வயல்களில் என் அப்பாவை 'டேய் முனியா' என்பதற்கு மேல் யாரும் மரியாதை வைத்துக் கூப்பிட்டதில்லை. இங்கே அரசாங்க அலுவலகத்தில், கோட்டும் சூட்டும் போட்டவர்கள் நடுவில், "மிஸ் முனியப்பன்! மிஸ் முனியப்பன்!" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அப்பா அப்போது உயிரோடு இல்லை. எனக்கு எழுந்து போகக் கால் வரவில்லை. என் முறை தாண்டிப்போய், திரும்பவும் வரிசையின் கடைசியில் நின்றேன்.

3

ஓசூரிலும் இதே மாதிரி ஒரு வண்டி இருந்தது, அதன் கதைக்கு வருகிறேன்.

சிப்காட் தொழிற்பேட்டையில் டெலிவிஷன் பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் நான் சோதனைப் பிரிவில் இருந்தேன். என் பக்கத்து மேசை நஞ்சுண்டப்பா. ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர், ஓசூரில் குடியிருந்தார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் தமிழில் பாதி கன்னடம் இருக்கும், என் கன்னடத்தில் முக்கால்வாசி தமிழ் இருக்கும். அது எங்கள் இரண்டு பேருக்குமே பெரிதாகப் பட்டதில்லை. ஓசூரில் யாருக்குத்தான் பட்டது?

பாகலூர் ரோட்டுக்கு உள்ளே ஒரு தெருவில் முனிரத்தினம் என்பவர் கேபிள் டிவி நடத்தினார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வீடியோ கேசட்டில் சினிமா ஓட்டி நாலு தெருவுக்குக் கம்பி இழுத்திருந்தார். அவர் பெங்களூரில் ஏலத்துக்குப் போய் ஜெனரேட்டர் வாங்குவதற்குப் பதிலாக ஒரு டெலிவிஷன் வண்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நீலமும் வெள்ளையும் அடித்த நீள வண்டி. கர்நாடகா நம்பர். உள்ளே கறுப்பு வெள்ளைக் கேமரா மூன்று, மானிட்டர் வரிசை, ஒரு ஆள் உயரத்துக்கு அலமாரி அலமாரியாக மின்சாரப் பெட்டிகள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

"மலக் கோயிலு மாசித் தேரை நேரா டிவியில காட்டணும் சரோஜாம்மா," என்றார் முனிரத்தினம். "மல மேல ஏற முடியாத பெரியவங்க வூட்லேர்ந்தே கும்புட்டுக்கட்டும். இத உயிர் புடிக்க வெச்சுக் குடுங்க."

"இது பொணம்ங்க," என்றேன்.

நஞ்சுண்டப்பா ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து ஊதினார். தூசி பறந்தது. "பொணா இல்ல. தூங்குது அஷ்டே," என்றார், அவ்வளவுதான் என்பதைக் கன்னடத்தில்.

வேலை முடிந்து சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அங்கேதான் கிடந்தோம். பெட்டிகளில் இருந்த கண்டன்சர்கள் எல்லாம் காய்ந்து வெடித்துப்போயிருந்தன. நஞ்சுண்டப்பா பெங்களூர் எஸ்.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளுக்கு பஸ் ஏறிப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவார், நான் ஒவ்வொன்றாகப் பற்றவைத்து மாற்றுவேன். ஒன்று சரியானால் இரண்டு போகும். இரண்டு கேமராவைக் கொன்று ஒன்றைப் பிழைக்க வைத்தோம். பிழைத்ததும் ஒழுங்கான பிழைப்பு இல்லை. முகத்தைக் காட்டினால் படம் வரும். முகம் திரும்பினால் பழைய முகம் கொஞ்சநேரம் திரையிலேயே தங்கி, புகை மாதிரி பின்னால் இழுபடும். அதையும் நஞ்சுண்டப்பா கைபட்டால்தான் காட்டும்.

கம்பெனியில் என் மனசு நிற்கவில்லை. கனடாவிலிருந்து பதில் வருகிறதா என்று தபால்காரரைப் பார்ப்பேன், வண்டிக்கு ஓடுவேன், கைப்பிள்ளை கவிதாவை மாமியாரிடம் விட்டுவிட்டுத் திரும்ப ஓடுவேன். "உனக்குக் கால்ல சக்கரம் வெச்சே பெத்தாங்களா?" என்பார் சண்முகம். இன்னொரு நாள் கேட்டார்: "அந்த வண்டி ஓடிட்டா என்ன செய்வ? அதுக்கப்புறம் எத ரிப்பேர் பண்ணுவ?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டிக்குக் கிளம்பினேன்.

4

அந்த வருடம், தொண்ணூற்றொன்று, டிசம்பரில் காவிரித் தண்ணீர்த் தகராறு பெங்களூரில் தமிழர்களை அடிப்பதில் வந்து நின்றது. எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டி ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். லாரியில், டெம்போவில், நடந்து. கட்டட வேலைக்குப் போனவர்கள்தான் அதிகம். மத்தூர், போச்சம்பள்ளி, தர்மபுரி ஆட்கள். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு அம்மாள் வெறும் ஸ்டவ்வை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தங்க வைத்தார்கள். முனிரத்தினம் வீட்டுக்கு எதிரிலேயே ஒரு மண்டபம். அதுவும் நிரம்பிவிட்டது.

நான் அவர் மனைவியோடு சோறு கொண்டுபோனேன். யாரும் இலையில் கை வைக்கவில்லை. ஒவ்வொருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் ஒரு லாரி, பெண்டாட்டி ஒரு லாரி என்று பிரிந்து வந்தவர்கள். யார் எந்த மண்டபத்தில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மத்தூர் பக்கத்துப் பழனியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சித்தாள் வேலை செய்தவள். "எம்பொண்ணு செல்வி ஒரு வூட்ல பாத்தரம் கழுவப் போயிருந்தாம்மா. என்னைய லாரியில தூக்கிப் போட்டுட்டாங்க. அவ அங்கியே இருக்கறா. பதினாலு வயசு. நான் எறங்கறன், எறங்கறன்னு கத்துறன், யாரும் உடல."

நான் தெருவைத் தாண்டி ஓடினேன். "முனிரத்தினம் சார், இவங்க மொகத்தையெல்லாம் கேபிள்ல காட்டினா என்ன? பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் நம்ம லைன்தானே போகுது? மத்த மண்டபத்துலயும் ஒவ்வொரு டிவி வெச்சுடலாம்."

அவர் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். தெருமுனையில் அடிபட்டு வந்த பையன்கள் கட்டையோடு நின்றிருந்தார்கள். கர்நாடகா நம்பரில் எது நின்றாலும் உடைக்கிற கோபத்தில் இருந்தார்கள். முனிரத்தினம் உள்ளே போய் இரண்டு கோணிச்சாக்கைக் கொண்டுவந்து பிளேட்டுகள் மேல் கட்டினார்.

"நஞ்சுண்டண்ணா வர மாட்டாரு. வரவும் வேணாம்," என்றேன். "நானே பாத்துக்கறன்."

ஆனால் கேமரா எனக்கு அடங்கவில்லை. திரை முழுக்க மாவு கரைத்த மாதிரி ஒரு வெளுப்பு. திருகிக்கொண்டே இருந்தேன். அப்போது பின்கதவு திறந்தது. நஞ்சுண்டப்பா. தலையில் மப்ளர், சந்து வழியாக வந்திருக்கிறார். வீட்டில் அவர் மனைவி காலைப் பிடித்து அழுதாராம்.

"வாய் தொறக்கல்ல. கண்ணும் கையும் போதும்," என்று மெதுவாகச் சொன்னார்.

அன்றைக்கு முழுக்க அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. 'அண்ணா' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். வண்டி வாசலில் ஒரு நாற்காலி போட்டோம். ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து பேரும் ஊரும், யாரைத் தேடுகிறார்கள் என்பதும் சொன்னார்கள். அதை வீடியோ கேசட்டில் பிடித்துத் திரும்பத் திரும்ப ஓட்டினோம். பழனியம்மாள் உட்கார்ந்தபோது பேச்சே வரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தபடி இருந்தாள். தலையை ஆட்டினாள், அவள் முகம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இழுபட்டது. "செல்வி, இங்க இருக்கறம்மா" என்றாள். அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு மனிதர் ஓடிவந்தார். டீக்கடையில் தன் மனைவியைப் பார்த்தாராம். அவர்கள் இரண்டு பேரும் கட்டிக்கொள்ளக்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றை அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் இலையில் கை வைத்தார்கள்.

5

மறுநாள் மத்தியானம். வாசலில் கூட்டம். பாவாடை சட்டையில் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டிக்குக் கிட்டே வந்தாள். உள்ளே மானிட்டரில் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அவள் படியில் ஒரு காலை வைத்து மானிட்டரையே பார்த்தாள். பழனியம்மாள் முகம் வந்தது.

அந்தப் பெண் நஞ்சுண்டப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா எல்லித்தாரே? நம்ம அம்மா எல்லித்தாரே?" என்று கேட்டாள். அம்மா எங்கே என்று கன்னடத்தில்.

வேலை செய்த வீட்டம்மாள் அவளைத் தன் வீட்டிலேயே ஒளித்து வைத்திருந்திருக்கிறார். பிறகு பால் வண்டியில் ஏற்றி, எல்லை தாண்டும் வரை ஒரு தமிழ் வார்த்தை பேசக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எல்லையைத் தாண்டியது அவளுக்கு உறைக்கவில்லை. பயம் தமிழைத் தொண்டைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எங்கள் காதில் விழுந்தது கன்னடம் மட்டுந்தான். தெருவே எங்கள் பக்கம் திரும்பியது.

நஞ்சுண்டப்பா என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்லட்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. நான் கட்டையோடு நின்ற பையன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் இன்னொரு தரம் சட்டையை உலுக்கினாள்.

அவர் குனிந்து, அவள் தலையில் கை வைத்து, "ஒளகே இத்தாரே கணம்மா. அளபேடா. பா, தோரிஸ்தீனி," என்றார். உள்ளே இருக்கிறார், அழாதே, வா, காட்டுகிறேன். ஊர்க்கார வாயிலிருந்து வந்த சுத்தமான கன்னடம். அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை.

கட்டை வைத்திருந்த பையன் ஒருவன் ஒரே எட்டில் வந்து அவர் காலரைப் பிடித்தான். நெற்றியில் கட்டுப் போட்டிருந்தான். தர்மபுரிப் பக்கம், குமார் என்று பிறகு தெரிந்தது. "யார்ரா நீ? இவ்ளோ நேரம் எங்கள்ட்ட நடிச்சியா?"

"வுடு குமாரு!" என்று யாரோ கத்தினார்கள். "அடிடா!" என்றும் கத்தினார்கள். நான் நடுவில் பாய்ந்தேன், என் வளையல் உடைந்தது. நஞ்சுண்டப்பா கையைத் தூக்கவில்லை. ஒரு கையால் அந்தப் பெண்ணைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டார்.

கூச்சல் கேட்டு மண்டபத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பழனியம்மாளும் வந்தாள். அவள் குமாரையும் பார்க்கவில்லை, கட்டையையும் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள். நேராக வந்து, குமார் காலரைப் பிடித்திருந்த கைக்கு அடியில் நுழைந்து, நஞ்சுண்டப்பாவின் முதுகுக்குப் பின்னால் கையைவிட்டு மகளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். மூன்று பேரும் ஒரே முடிச்சாக நின்றார்கள். அவளை அடிக்காமல் அவரை அடிக்க முடியாது. பழனியம்மாள் அலறிய அலறலில் குமாரின் பிடி தானாகத் தளர்ந்தது. அவன் பின்னால் நகர்ந்தான்.

"அண்ணா, நீங்க வீட்டுக்குப் போயிடுங்க," என்றேன்.

அவர் நாற்காலியைக் காட்டினார். ஒரு கிழவர் தன் முறைக்காக உட்கார்ந்தே இருந்தார், இந்தக் களேபரத்திலும் இடத்தை விடாமல். "இவ்ரு காத்துக்கிட்டு இருக்காரல்லம்மா," என்று நஞ்சுண்டப்பா உள்ளே போனார்.

பொழுது சாயும் நேரத்தில் நாற்காலியில் குமார் வந்து உட்கார்ந்தான். தம்பியைக் காணவில்லை. இரண்டு நாளாகத் தேடுகிறானாம். கட்டையை எங்கேயோ போட்டுவிட்டிருந்தான். கேமராவையும் கேமராவுக்குப் பின்னால் இருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணா... நேராப் பாக்கணுமா?"

"ஹௌது," என்று தலையாட்டினார் நஞ்சுண்டப்பா. "நேரா நோடு. தம்பி பேரு ஜோரா சொல்லு, கேக்கணுமல்லா."

குமார் தம்பி பெயரைச் சத்தமாகச் சொன்னான்.

6

அந்தத் தம்பி கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தான், எங்கள் கம்பி அவ்வளவு தூரம் எட்டாது. அவனாகத்தான் வந்து சேர்ந்தான். எல்லாரும் வந்து சேரவில்லை. பேர் சொல்லிவிட்டு, யாரும் வராமல், மண்டபம் காலியாகும் வரை இருந்து ஊர் பஸ் ஏறியவர்களும் உண்டு. அவர்களின் முகங்களும் அந்தக் கேசட்டில் இருந்தன. முனிரத்தினம் அதன் மேல் சினிமா எதையும் பதிக்கவில்லை.

மாசியில் தேர் ஓடியது, நேரடியாகக் காட்டினோம். தேர் நகரும்போது பின்னால் இன்னொரு தேர் புகையாக வந்தது. ஊரே பார்த்துப் பேசியது. எனக்கு மட்டும் அதில் சந்தோஷம் ஒட்டவில்லை. பிறகு ஆகாயத்திலிருந்து கலர் கலராகச் சேனல்கள் வந்தன, வண்டியைக் கேட்பாரில்லை. நஞ்சுண்டப்பா ஆனேக்கலுக்கே போய் ஒரு ரேடியோ கடை வைத்தார்.

வருடக்கணக்கில் காத்த பிறகு கனடாவிலிருந்து தாள் வந்த நாளில் சண்முகம் கேட்டார்: "அந்த டிசம்பரைப் பாத்த அப்புறமுமா போகணும்ங்கற? அங்க ஒரு தகராறு வந்தா எந்த பார்டருக்கு ஓடுவ?"

"அதப் பாத்ததாலதான்," என்று சொன்னேன். அது உண்மையா என்று இன்றுவரை தெரியாது. அந்த நிமிஷத்தில் அவர் வாயை அடைக்க ஒரு பதில் வேண்டியிருந்தது.

7

சனிக்கிழமை, மானிட்டர் உயிர் பிடித்த அன்று, திரும்பி வரும்போது காரில் கவிதாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். இதுவரை சொன்னதில்லை. தமிழில் ஆரம்பித்தேன். அவளுக்குப் புரியவில்லையோ என்று நடுவில் ஆங்கிலத்துக்குப் போனேன். காலரைப் பிடித்த இடத்தில் ஆங்கிலம் போதாமல் திரும்பவும் தமிழுக்கு வந்தேன். அவள் ரேடியோவை அணைத்தாள். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கிறாளா, அலுத்துக்கொள்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வயதுப் பிள்ளைகளின் பிடரியைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

கதையைச் சொல்லி முடித்தேன். வைப்பர் மட்டும் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்: "அந்தப் பொண்ணு... அப்புறம் தமிழ் பேசினாளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் விடியற்காலை அம்மாவும் மகளும் மத்தூர் லாரியில் ஏறிவிட்டார்கள். ஏறும் வரை நான் கூட இருந்தேன். இட்லிப் பொட்டலம் கொடுத்தேன், தலையைத் தடவினேன், கையசைத்தேன். அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டினாள். அவள் தமிழில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவே இல்லை. இத்தனை வருடமாக அந்த நாளைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். காலரைப் பார்த்திருக்கிறேன், கட்டையைப் பார்த்திருக்கிறேன். இதைக் கேட்கத் தோன்றவே இல்லை.

"தெரியலடி," என்றேன். "பேசியிருப்பா. அம்மாகூடத்தானே போனா."

"யூ டோன்ட் நோ தட்," என்றாள்.

எனக்கு உடனே யாருக்காவது போன் போட வேண்டும் போல இருந்தது. யாருக்குப் போடுவது? மத்தூரில் பழனியம்மாள் என்று எத்தனை பேர்? நஞ்சுண்டப்பாவின் நம்பர் எப்போதோ மாறிவிட்டது. கனடாவின் நெடுஞ்சாலையில், இருட்டத் தொடங்கிய பனியில், செல்வியின் வாயைத் திறக்க வைக்கப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். இப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். பிள்ளை இருக்கலாம். அதை எந்தப் பாஷையில் அதட்டுவாள்?

கவிதா என் தோளைத் தொட்டாள்.

"அம்மா, நம்ம ரோடு தாண்டிப் போச்சு," என்று தமிழில் சொன்னாள்.

எந்த ஊர்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம் என்று பார்க்காமலே, சரி என்று தலையாட்டிவிட்டு, நான் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன்.